தக்காளி டப்பாவும் 25 டாலரும்

பிள்ளையின் முதல் கோல்ஃப் போட்டி என்றதும் மட்டை, சப்பாத்து, பயிற்சியாளர் என்று பட்டியல் போட்டுவிடுகிறோம். பிரான்சிஸ் விமெட்டின் தொடக்கம் வேறு மாதிரி.

பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைனில் அவன் வீடு. சாலைக்கு அந்தப் பக்கம் தி கண்ட்ரி கிளப். அப்பா கனடாவிலிருந்து குடியேறிய தோட்டக்காரர். பையன் அந்தக் கிளப்பில் பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கினான், தொலைந்த பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த மேய்ச்சல் நிலத்தில் அண்ணன் தம்பி இருவருமாக மூன்று குழி வெட்டி, தக்காளி டப்பாக்களைப் புதைத்தார்கள். பயிற்சி அங்கேதான். 1909இல் பாஸ்டன் பள்ளி மாணவர் போட்டியில் ஜெயித்தான்.

மறுவருடம் தேசிய அமெச்சூர் போட்டி அவன் வீட்டுக்கு எதிரிலேயே நடந்தது. ஆனால் ஏதாவதொரு கிளப்பில் உறுப்பினராக இல்லாதவன் ஆட முடியாது. அம்மாவிடம் 25 டாலர் கடன் வாங்கி வேறொரு கிளப்பில் சேர்ந்தான். தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

1913இல், 20 வயதில், அதே மைதானத்தில் ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு பிரிட்டிஷ் ஜாம்பவான்களை வீழ்த்தி யுஎஸ் ஓப்பனை வென்றான். அன்று அவனுக்குப் பை தூக்கியவன் 10 வயது எடி லோவரி.

ஆட்டம் தக்காளி டப்பாவிலேயே வந்துவிட்டது. வாசலைத் திறக்கத்தான் காசு வேண்டியிருந்தது. அந்த 25 டாலர் கிடைக்காத பையன்கள் எத்தனை பேரோ, வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை.