கேவண்டிஷ்: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரும் சொத்துரிமையும்

லண்டனில் ஒரு சதுக்கம், கேம்பிரிட்ஜில் ஓர் இயற்பியல் ஆய்வகமும் ஒரு கல்லூரியும், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூர், உலக ஏற்றுமதிச் சந்தையை ஆளும் ஒரு வாழை இனம்: இவை அனைத்தும் கேவண்டிஷ் என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒரு குடும்பத்தின் பெயர் இவ்வளவு பரவியதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். ஒன்று, அக்குடும்பத்தில் பெரியோர் பலர் பிறந்தனர் என்பது; மற்றொன்று, பிரபுக்களின் புகழாசை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் பெயர் ஏன் ஓரிடத்தில் ஒட்டியது, ஏன் வேறிடத்தில் உதிர்ந்தது என்பதை இரண்டுமே விளக்கவில்லை. கேவண்டிஷ் என்னும் பெயர் இரத்த உறவைவிடச் சொத்துரிமையையே நெருக்கமாகப் பின்தொடர்ந்தது என்பதும், அதனால் மகள்களையும் கிளை உறவினரையும் விலக்கிவிட்டு அதன் வரலாற்றை எழுத இயலாது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

ஊர் தந்த பெயர்

கேவண்டிஷ் முதலில் ஓர் ஊர். கிழக்கு இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் இன்றும் இருக்கிறது. அவ்வூர்ப் பெயரைத் தாங்கியவர்களுள் முதலில் நாடறிந்தவர் மன்னர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சர் ஜான் கேவண்டிஷ். 1381ஆம் ஆண்டு உழவர் எழுச்சியில் சஃபக் மக்களே அவரைக் கொன்றனர்.

குடும்பத்தின் செல்வத்துக்கு அடித்தளமிட்டவர் அவர் வழிவந்த சர் வில்லியம் கேவண்டிஷ். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது அவற்றின் சொத்துகளைக் கணக்கெடுத்து அரசுடைமையாக்கிய அலுவலர்களுள் அவரும் ஒருவர். 1547இல் ஹார்ட்விக்கைச் சேர்ந்த பெஸ் என்னும் எலிசபெத்தை மணந்தார். டார்பிஷயர் பெஸ்ஸின் பிறந்த மண். 1549இல் தம்பதியர் அங்கே சாட்ஸ்வொர்த் பண்ணையை வாங்கினர். குடும்பத்தின் வேர் சஃபக்கை விட்டு அங்கே இடம்பெயர்ந்தது. அதன்பின் அந்த ஊரும் அந்தக் குடும்பமும் பெயரால் மட்டுமே உறவினர்.

நான்கு முறை மணந்த பெஸ்ஸுக்குப் பிள்ளைகள் பிறந்தது இந்த மணத்தில் மட்டுமே. அவருடைய மகன்களுள் இருவரின் வழியாகக் குடும்பம் இரு பெருங்கிளைகளாயிற்று. சாட்ஸ்வொர்த் கிளை 1694இல் டெவன்ஷயர் டியூக் பட்டம் பெற்றது. வெல்பெக் பண்ணையை உடைய மற்றக் கிளைக்கு 1665இலேயே நியூகாசில் டியூக் பட்டம் கிடைத்திருந்தது.

மகள்வழிச் சொத்து

வெல்பெக் கிளையில் ஆண் வாரிசு 1691இல் அற்றுப்போனது. சொத்தின் பெரும்பகுதி மார்கரெட் என்ற மகளுக்கும், அவர் வழியாகக் கணவர் ஜான் ஹோல்ஸுக்கும் சேர்ந்தது. ஹோல்ஸ் 1710இல் லண்டனின் வடமேற்கு விளிம்பில் இருந்த மேரில்போன் நிலத்தை வாங்கி, அடுத்த ஆண்டே இறந்தார். நிலம் ஒரே மகள் ஹென்ரியட்டா கேவண்டிஷ் ஹோல்ஸுக்கு வந்தது. அவர் 1713இல் எட்வர்ட் ஹார்லியை மணந்தார். 1717 முதல் அந்த நிலத்தில் எழத் தொடங்கியதே கேவண்டிஷ் சதுக்கம்.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருப்பெயர்களை ஒரு சொத்துப் பட்டியலாகவே வாசிக்கலாம். ஹோல்ஸ் தெரு தந்தையின் பெயர். ஹார்லி தெரு கணவர் குடும்பத்தின் பெயர். வெல்பெக் தெரு தாய்வழிப் பண்ணையின் பெயர். ஹென்ரியட்டாவின் மகள் மார்கரெட் 1734இல் போர்ட்லண்ட் டியூக்கை மணந்தபின் போர்ட்லண்ட் பிளேஸ் அப்பட்டியலில் சேர்ந்தது. தந்தைவழி மட்டுமே வம்சம் என்று கொண்டால், சதுக்கம் எழுந்த நாளில் அந்தக் கேவண்டிஷ் கிளை இல்லாத கிளை. பெயரை லண்டன் நிலத்தில் பதித்தது மகளின் வாரிசுரிமை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அக்காலச் சட்டத்தில் மணமான பெண்ணின் பணம் கணவரின் கையாளுகைக்குப் போனது. எட்வர்ட் ஹார்லி பெருஞ்செலவில் சுவடிகளையும் நூல்களையும் சேர்த்தார். அச்செலவுக்கு மனைவி கொண்டுவந்த செல்வம் பேருதவியாயிற்று. அவர் இறந்தபின், 1753இல் ஹென்ரியட்டாவும் மகளும் சுவடிகளை நாட்டுக்கு 10,000 பவுனுக்கு விற்றனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அடித்தளத் தொகுப்புகளில் ஒன்றான அது இன்றும் ஹார்லி தொகுப்பு என்றே வழங்குகிறது. நிலம் பிறந்த வீட்டு வாரிசுரிமையாக வந்ததால் அதில் கேவண்டிஷ் நின்றது. சுவடிகள் கணவர் குடும்பம் சேர்த்தவை ஆனதால் அவற்றில் ஹார்லி நின்றது. ஒரே பெண்ணின் செல்வம் இரு பெயர்களில் பிரிந்ததற்குச் சட்டத்தைத் தவிர வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இந்த வழியின் ஒரு கண்ணி தமிழகத்தையும் தொட்டது. 1803 முதல் 1807 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, 1806ஆம் ஆண்டு வேலூர்க் கிளர்ச்சிக்குப் பின் திரும்ப அழைக்கப்பட்டவர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. அவருடைய முழுக் குடும்பப் பெயர் கேவண்டிஷ்-பெண்டிங்க். தந்தையைப் பெற்றவர் ஹென்ரியட்டாவின் மகள் மார்கரெட். தாய் டெவன்ஷயர் கிளையின் மகள். ஆக, அவருள் இருந்த கேவண்டிஷ் இருபுறமும் பெண்வழி வந்தது.

உயிலும் ஆய்வகமும்

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம் விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷின் நினைவுச்சின்னம் என்றே பலர் கருதுகின்றனர். 1766இல் ஹைட்ரஜனைத் தனி வாயுவாக அடையாளம் காட்டியவரும், 1798இல் முறுக்குத் தராசு கொண்டு பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டவரும் அவரே. நீரைப்போல் 5.48 மடங்கு என்ற அவருடைய விடை இன்றைய மதிப்பான 5.51ஐ ஒட்டியது. ஆனால் ஆய்வகத்துக்குப் பணம் தந்தவர் அவரல்லர். 1810இல் இறந்தபோது அவர் இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். மணமாகாதவர். செல்வத்தின் பெரும்பகுதியை உறவினர் ஜார்ஜ் கேவண்டிஷ் பிரபுவுக்கு எழுதிவைத்தார். ஜார்ஜின் பேரன் 1858இல் ஏழாம் டெவன்ஷயர் டியூக் ஆனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தார். ஆய்வகம் கட்ட 6,300 பவுன் வழங்கியவர் அவர்தான். 1874இல் அது செயல்படத் தொடங்கியது.

ஆகவே பெயருக்குள் இரு கேவண்டிஷ்கள் இருக்கின்றனர். இருவரையும் இணைப்பது ஓர் உயில். கணித மாணவராக இரண்டாமிடம் பெற்றவரான டியூக்குக்கு அறிவியல்மேல் உண்மையான பற்று இருந்தது. அவருடைய கொடைக்குப் பின்னால் டார்பிஷயர், அயர்லாந்து நிலங்களும், இரும்புத் தொழிலால் வளர்ந்த பாரோ நகரத்து முதலீடுகளும் இருந்தன. அந்நகரில் டெவன்ஷயர், கேவண்டிஷ் ஆகிய பெயர்கள் கப்பல்துறைகளுக்கும் இடப்பட்டன.

காணிக்கையாகச் சூட்டிய பெயர்

குடும்பம் தானே சூட்டாமல், அதன் ஆதரவில் இருந்தோரும் ஆதரவை நாடியோரும் சூட்டியவை வேறொரு வகை. 1761இல் வெர்மான்ட் ஊருக்கு நான்காம் டெவன்ஷயர் டியூக்கை நினைத்துப் பெயரிட்டனர். 1835இல் சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீட்டில் பூத்த வாழைக்குத் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் தம் எசமானரான ஆறாம் டியூக்கின் குடும்பப் பெயரை வைத்தார். தென்கிழக்காசியாவில் தோன்றி மொரிசியஸ் வழியாக வந்த கன்று அது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பனாமா வாடல் நோய் குரோ மிஷேல் இனத்தின் ஏற்றுமதித் தோட்டங்களை அழிக்க, அந்நோயைத் தாங்கிய கேவண்டிஷ் இனம் அவ்விடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டுச் சந்தையில் அக்குழுவைச் சேர்ந்த பழங்களை மோரிஸ், ஜி9 என்று கேட்டு வாங்குகிறார்கள். எசமானரின் தயவு செல்லாத இடத்தில் காணிக்கைப் பெயர் தானாகவே உதிர்ந்துவிடுகிறது.

இரு மறுப்புகள்

ஆய்வகத்தின் பெயர் நிலைத்தது சொத்தால் அல்ல, சாதனையால் என்று ஒருவர் மறுக்கலாம். 1897இல் எலக்ட்ரான், 1932இல் நியூட்ரான், 1953இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் எனத் தொடர்ந்த கண்டுபிடிப்புகளே அதை உலகறியச் செய்தன என்பதை ஏற்கலாம். ஆனால் நிலைப்பது வேறு, தோன்றுவது வேறு. ஹென்றியின் மின்னியல் ஆய்வுகளுள் பெரும்பாலானவை அச்சேறாத தாள்களாகவே கிடந்தன. ஆய்வகத்தின் முதல் பேராசிரியர் மாக்ஸ்வெல்தான் அவற்றைப் பதிப்பித்து 1879இல் வெளியிட்டார். குடும்பப் பணத்தில் எழுந்த பீடமே குடும்பத்து அறிஞரின் புகழையும் பெருக்கியது. அதே நகரில் 1876இல் தொடங்கிய கேவண்டிஷ் கல்லூரிக்கும் ஏழாம் டியூக்கின் பெயர்தான். போதிய நிதி இல்லாமல் 1892இல் அது மூடப்பட்டது. பெயர் ஒன்றேயானாலும் முதல் இல்லாத நிறுவனம் பதினாறு ஆண்டுகளே தாங்கிற்று.

இரண்டாம் மறுப்பு வலுவானது. 1965இல் கேம்பிரிட்ஜில் பெண்கள் உருவாக்கிய லூசி கேவண்டிஷ் கல்லூரிக்கு அக்குடும்பச் சொத்து அடிப்படையல்ல. லூசி, ஏழாம் டியூக்கின் மகன் ஃபிரெடரிக்கின் மனைவி. அயர்லாந்தின் தலைமைச் செயலராகச் சென்ற கணவர் 1882இல் டப்ளினில் படுகொலை செய்யப்பட்டபின், பெண்கல்விக்காக நெடுங்காலம் உழைத்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், கடமைப்பட்டவர்களாக இன்றித் தாமே தேர்ந்து அப்பெயரைச் சூட்டினர் அக்கல்லூரியை நிறுவியோர். இங்கே மட்டும் பெயர் சொத்தின் தடத்தை விட்டு விலகுகிறது. பொதுவிதியை இது குலைக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. இங்கே கண்டவற்றுள் முற்பெயரோடு சேர்த்து ஒரு தனிமனிதரைச் சுட்டியதும் இக்கல்லூரி ஒன்றுதான்.

முடிவு

குடும்பப் பெயர் தாங்கிய இடங்களை ஆராய்வோர் வம்சாவளிக் கொடியோடு நிற்காமல், விற்பனைப் பத்திரம், மண ஒப்பந்தம், உயில், நன்கொடைக் கணக்கு ஆகியவற்றையும் அருகே வைத்துப் படிக்க வேண்டும். அப்போதுதான் ஹென்ரியட்டா சதுக்கத்தின் உரிமையாளராகத் தெரிவார். பாக்ஸ்டனின் பெயரிடல் ஓர் ஊழியரின் காணிக்கையாகத் தெரியும். பழைய பெயர்களை நீக்குவதா காப்பதா என்று இன்று பல பல்கலைக்கழகங்களில் நடக்கும் விவாதத்துக்கும் இந்த அணுகுமுறை உதவும். பெயருக்குரியவர் நல்லவரா என்ற கேள்வியோடு நில்லாமல், அந்தப் பணம் யார் உழைப்பில் விளைந்து எந்தச் சட்டத்தின் வழியே இங்கு வந்தது என்றும் கேட்டால், விடைகள் ஆவணங்களில் கிடைக்கும்.