வலி வரவழைத்த வரலாறு

“நாள் தள்ளிப் போகிறது. நாளைக் காலை வந்து சேருங்கள். மருந்து கொடுத்து வலி வரவழைத்துவிடலாம்.” மருத்துவர் இவ்வாறு கூறியதும் நிறைமாதப் பெண்ணின் முகம் வாடிவிடுகிறது. தானாக வரவேண்டிய வலியை ஏன் வரவழைக்க வேண்டும்? அது குழந்தையைப் பாதிக்காதா? வலி அதிகமாக இருக்குமோ?

இக்கேள்விகள் யாவும் நியாயமானவையே. இவற்றுக்கு விடை தேடி மருத்துவ உலகம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் கதையை அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி விலகிவிடும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பேறுகாலத்தை எதிர்நோக்கும் பெண் இருந்தால் அவருக்கும் இக்கதையைச் சொல்லுங்கள்.

பனிக்குடத்தை உடைத்தனர்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எலும்பு மெலிவு நோயால் இடுப்பெலும்பு குறுகிய பெண்கள் பலர் இருந்தனர். மாதம் நிறைந்த குழந்தை அந்தக் குறுகிய வழியே வெளிவர இயலாது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தால் தாய் பிழைப்பது அந்நாளில் அரிதிலும் அரிது. எனவே குழந்தை சிறிதாக இருக்கும்போதே வலியை வரவழைத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அது முறையா, தகுமா என்று 1756-இல் லண்டன் மருத்துவர்கள் கூடி ஆராய்ந்தனர்; ஏற்றுக்கொண்டனர். பனிக்குடத்தை உடைத்து நீரை வெளியேற்றுவதே அவர்கள் அறிந்த வழி. இரண்டு உயிர்களுள் ஒன்றையேனும் இழந்தே தீரவேண்டும் என்ற நிலையிலிருந்து இரண்டையும் காக்க எழுந்ததே இம்முறை என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கருப்பு மணியின் பாடம்

ரை என்னும் தானியக் கதிரில் ஒருவகைப் பூஞ்சை பற்றினால் மணி இருக்கவேண்டிய இடத்தில் கருநிறக் கொம்பு போன்ற ஒன்று முளைக்கும். இதற்கு எர்காட் என்று பெயர். நம் ஊர்க் கம்புப் பயிரில் தேனொழுகல் நோயை உண்டாக்குவதும் இதே பேரினத்துப் பூஞ்சைதான். ஐரோப்பிய மருத்துவச்சிகள் எர்காட்டின் ஆற்றலை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1808-இல் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதியபின் மருத்துவர்களும் இதைப் பயன்படுத்தலாயினர்.

விளைவு விபரீதமாயிற்று. இயற்கையான பிரசவ வலியில் கருப்பைத் தசை சுருங்கும், பிறகு தளரும். சுருங்கும்போது நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது; தளரும்போது மீள்கிறது. குழந்தை மூச்சுவிடும் இடைவேளை அது என்று சொல்லலாம். எர்காட் தந்த சுருக்கமோ தளரவே இல்லை. குழந்தைகள் இறந்து பிறந்தன. சில தாய்மாருக்குக் கருப்பை கிழிந்தது. பிறப்புக்கான பொடி இறப்புக்கான பொடியாகிவிட்டது என்று 1820-களில் டேவிட் ஹோசாக் என்ற நியூயார்க் மருத்துவர் எச்சரித்தார். குழந்தை பிறந்தபின் ஏற்படும் இரத்தப்போக்கை நிறுத்தவே அது தகுந்தது என்றார். வலியை உண்டாக்கினால் மட்டும் போதாது, இடைவேளையும் வேண்டும் என்பதே கருப்பு மணி கற்பித்த பாடம்.

பூனையும் பிட்யூட்டரியும்

எர்காட்டை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1906-இல் எதிர்பாராத உண்மை ஒன்றை வெளியிட்டார். மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு, கருவுற்ற பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்தது. வெளியிலிருந்து நாம் தேடிய மருந்தை உடலே தயாரித்துக்கொண்டிருந்தது! 1909-இல் லிவர்ப்பூல் மருத்துவர் பிளேர் பெல் இச்சாற்றை மகப்பேற்று மருத்துவத்தில் புகுத்தினார். அதில் அடங்கிய ஹார்மோனுக்கு ஆக்சிடோசின் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘விரைவான பேறு’ என்பது இதன் பொருள்.

ஆனால் பழைய ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. தசையில் ஊசியாகப் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அளவு மிகுந்துவிட்டால் மருத்துவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

சொட்டுச் சொட்டாக

இச்சிக்கலுக்கு விடை 1948-இல் கிடைத்தது. மருந்தை மிக நீர்த்த கரைசலாக்கி, இரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் முறையை இங்கிலாந்தின் தியோபால்ட் விளக்கினார். இதன் தத்துவம் எளிது. அடியில் சிறு ஓட்டையுள்ள குடத்தில் குழாய் நீரைத் திறந்துவிடுங்கள். நீர்மட்டம் ஏற ஏற ஓட்டையின் வழியே வெளியேறும் வேகமும் கூடும். உள்வரவும் வெளிச்செலவும் சமமானதும் மட்டம் நிலைத்து நிற்கும். குழாயை மூடினால் மட்டம் தானே இறங்கும். நம் உடல் ஆக்சிடோசினைச் சில நிமிடங்களிலேயே சிதைத்து வெளியேற்றுவதால், சொட்டுகளின் வேகத்தைக் கொண்டு மருந்தின் மட்டத்தை ஆளலாம். வலி மிஞ்சினால் குழாயை மூடிவிடலாம்.

புதிய வேகத்திற்கேற்ப மட்டம் நிலைபெற அரைமணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகும். செவிலியர் அரைமணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகவே சொட்டைக் கூட்டுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அது தாமதம் அன்று, பாதுகாப்பு.

1953-இல் அமெரிக்க வேதியியலறிஞர் வின்சென்ட் டு விக்னோ, ஒன்பது அமினோ அமிலங்களாலான ஆக்சிடோசினின் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார். ஆய்வகத்தில் தொகுக்கப்பட்ட முதல் பாலிபெப்டைடு ஹார்மோன் இதுவே. 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வலியை அளந்தவர்கள்

உருகுவே நாட்டின் தலைநகர் மாண்டிவிடியோவில் அல்வாரெஸ், கால்தெய்ரோ-பார்சியா என்ற இருவர் மெல்லிய குழாய் மூலம் கருப்பையின் உள்ளழுத்தத்தையே அளந்தனர். பத்து நிமிடத்தில் நான்கு சுருக்கங்கள், ஒவ்வொன்றிலும் அழுத்தம் 50 மில்லிமீட்டர் பாதரசம் உயர்கிறது எனில், பெருக்கினால் 200. இதுவே மாண்டிவிடியோ அலகு. பிரசவம் முன்னேற ஏறத்தாழ இவ்வளவு வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சுருக்கங்கள் வந்தால் அது மிகை. மருந்தைக் குறைக்க வேண்டும். இன்று வயிற்றில் கட்டும் பட்டைகள் குழந்தையின் இதயத்துடிப்பையும் சுருக்கங்களின் கால அளவையும் காட்டுகின்றன.

கனியும் வாய்

ஒருத்திக்கு ஆறு மணி நேரத்தில் பிறக்கிறது. மற்றொருத்திக்கு இரண்டு நாள் ஆகிறது. ஏன்? கருப்பையின் வாய் கனிந்திருக்கிறதா என்பதே விடை. கனியாத வாய் மூக்கு நுனிபோல் கெட்டியாயிருக்கும். கனிந்தது உதடுபோல் மெத்தென்றிருக்கும். 1964-இல் எட்வர்ட் பிஷப் இதை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முறையைத் தந்தார். கனியாத வாயைக் கனியவைக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் வந்தன. உகாண்டாவின் மேக்கரரே பல்கலைக்கழகத்தில் சுல்தான் கரீமும் துணைவர்களும் 1968-இல் இவற்றால் பிரசவத்தைத் தூண்டிக் காட்டினர். சிறுநீர்க் குழாயாகப் பயன்படும் ஃபோலி குழாயின் நுனியிலுள்ள பலூனை நீரால் நிரப்பி, அதன் அழுத்தத்தால் வாயைத் திறக்கும் எளிய முறையும் இன்று வழக்கில் உள்ளது.

கருவி கைக்கு வந்ததும் அதை மிகையாகப் பயன்படுத்தும் ஆசையும் வந்தது. 1974-இல் இங்கிலாந்து, வேல்சில் நடந்த பிரசவங்களில் ஐந்தில் இரண்டு பங்கு தூண்டப்பட்டவை. தாய்மார்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். காரணம் சொல்லாமல் செய்கிறார்கள் என்பது அவர்களது குறைகளுள் முக்கியமானது. அதன்பின் அந்த விகிதம் குறைந்தது.

அறிந்து செல்லுங்கள்

இன்றைய நிலை என்ன? 41 வாரம் தாண்டியும் வலி வராவிட்டால் தூண்டலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காத்திருந்தால் நஞ்சுக்கொடியின் திறன் குறையலாம். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, முன்னரே பனிக்குடம் உடைதல் ஆகியவையும் காரணமாகலாம். தூண்டினால் அறுவைச் சிகிச்சையில்தான் முடியும் என்ற பரவலான அச்சத்தையும் சோதித்துப் பார்த்தனர். அமெரிக்காவில் முதற்பேற்றுத் தாய்மார் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 39-ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களுள் 18.6 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களுள் 22.2 விழுக்காட்டினருக்கும் அறுவை தேவைப்பட்டது. எல்லோருக்கும் தூண்டவேண்டும் என்பது இதன் பொருளன்று. அச்சம் முழுதும் உண்மையன்று என்பதே பொருள்.

ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எனக்கு ஏன் தூண்ட வேண்டும்? காத்திருந்தால் என்ன ஆகும்? எந்த முறை? என் கருப்பை வாய் கனிந்துள்ளதா? வலி தாங்க என்ன உதவி கிடைக்கும்? முதற்பேறானால் ஒருநாள், இரண்டுநாள் ஆகலாம் என்று மனத்தை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். மாலைக்குள் பிறந்துவிடும் என்று சுற்றத்தாருக்குச் சொல்லி வைக்காதீர்கள். வேளைக்கொருமுறை வரும் விசாரிப்பே பெரும் பாரமாகிவிடும். முதல் கட்டத்தில் மருத்துவர் அனுமதித்தால் நடக்கலாம், உண்ணலாம், உறங்கலாம். இரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே செவிலியரிடம் கூறுங்கள்.

அச்சம் தசைகளை இறுக்குகிறது, இறுக்கம் வலியைப் பெருக்குகிறது என்று 1933-லேயே கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருப்பதை இன்று உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. தாயோ அக்காளோ கணவரோ, பதற்றப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இறுதியில் அறுவை தேவைப்பட்டாலும் அது உங்கள் தோல்வியன்று. 1756-இல் கூடிய அந்த மருத்துவர்களுக்குக் கிட்டாத வழி ஒன்று நமக்கு இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.