தீட்டு முதல் திருமணப் பயிற்சி வரை: திருச்சிக் கிறிஸ்தவர்களின் இல்லற ஆலோசனை வரலாறு

மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, பால்கொடுக்கும் மாதங்கள், மாதவிடாய் நிற்கும் வயது என்று பெண்ணின் உடலும் மனமும் மாறும் காலங்களைப் பற்றித் திருச்சிராப்பள்ளிக் கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை முதலில் கொடுத்தது ஒரு தடையுத்தரவு. ஆலோசனை வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அந்த உத்தரவு 1704 ஜூன் 23 அன்று புதுச்சேரியில் கையெழுத்தானது. பிறப்பித்தவர் திருத்தந்தையின் தூதராக வந்திருந்த தூர்னோன்.

அப்போது திருச்சியில் ராணி மங்கம்மாள் ஆண்டுகொண்டிருந்தார். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மிஷன் காவிரிக் கரை வரை பரவி நூறாண்டு ஆகப்போகும் நேரம். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் சாதி வழக்கங்களை விட வேண்டியதில்லை என்பது நொபிலி வகுத்த வழி. அதனால் பெண் பூப்பெய்தினால் பச்சோலைக் குடிசை கட்டி உட்காரவைப்பதும், தாய்மாமன் சீர் கொண்டுவருவதும், மஞ்சள் நீராட்டுவதும் கிறிஸ்தவத் தெருவிலும் நடந்தன. கல்யாணமானவள் மாதத்தில் மூன்று நாள் ‘வீட்டுக்குத் தூரம்’. ஆற்றின் அக்கரையில் ஸ்ரீரங்கத்து அக்கிரகாரத்தில் அந்த நாட்களில் பெண்கள் சமையலறைப் பக்கமும் கோயில் பக்கமும் போவதில்லை. இக்கரையில் கிறிஸ்தவப் பெண்களும் அதே நாட்களில் பூசைக்குப் போகவில்லை, பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

தூர்னோனின் உத்தரவு இதையெல்லாம் தொட்டது. மாதவிலக்கான பெண்ணைக் கோயிலிலிருந்தும் திருவருட்சாதனங்களிலிருந்தும் விலக்கக்கூடாது. முதல் பூப்பைச் சடங்காகக் கொண்டாடக்கூடாது. உரிய வயது வருமுன் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. முதல் விதி ரோமாபுரிக்குப் புதிதல்ல. 601-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பெரிய கிரகோரியார், கான்டர்பரி அகுஸ்தீனாரின் கேள்விக்குப் பதிலாக, மாதவிலக்கு பாவம் அல்ல என்றும் அதற்காகப் பெண்ணைக் கோயிலுக்கு வராதே என்று சொல்லக்கூடாது என்றும் எழுதியிருந்தார். பெரும்பாடுள்ள பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமான நற்செய்திப் பகுதியே அவர் காட்டிய சான்று.

இரண்டாவது விதியும் மூன்றாவது விதியும் ஒன்றோடொன்று பின்னியவை. சிறுமிக்குத் தாலி ஏறிவிடும். பூப்பெய்திய பிறகுதான் அவள் புருஷன் வீட்டுக்குப் போவாள். ஆகவே பூப்புச் சடங்கு வெறும் கொண்டாட்டமாக இருக்கவில்லை. இல்லறம் தொடங்கலாம் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பும் அதுதான். அதைத் தடுத்தால் திருமண ஒழுங்கின் ஒரு படியே உடைந்துபோகும் என்பது உள்நாட்டில் வேலைசெய்த சேசுசபையாருக்குத் தெரிந்திருந்தது. தூதருக்கோ அந்த நாட்டைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே இல்லை. நோயாளியாகப் புதுச்சேரியில் தங்கியவர், உள்நாட்டு மிஷன்களிலிருந்து வரவழைத்த பூஷே, பெர்த்தோல்தி ஆகிய இரு குருக்களைக் கேட்டு முடிவெடுத்துவிட்டுச் சீனா செல்லக் கப்பலேறினார். திருச்சிக்குத் தெற்கே ஆவூரில் கோயில் எழுப்பிய பூஷே, பிற்பாடு இன்னொரு சேசுசபைக் குருவான லாயினெஸுடன் ரோமாபுரி வரை போய் வழக்காடினார். பலன் முழுமையாகக் கிட்டவில்லை. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் அந்த விதிகளில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்தார். அவற்றைக் காப்பதாக மிஷனரிகள் சத்தியம் செய்யும் முறை 1940 வரை நீடித்தது.

தீட்டு என்ற எண்ணம் பெண்ணைத் தாழ்த்தியது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மூன்று நாள் விலக்கம் கணவனுக்கும் ஒரு விதி. அந்நாட்களில் மனைவியை நெருங்கக்கூடாது, அடுப்படி வேலையை வேறொருத்தி பார்ப்பாள் என்பதை ஊரே அவனுக்குச் சொல்லிவைத்தது. உத்தரவு அந்த விதியை நீக்கியதே தவிர அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, சத்தியம் குருக்களோடு நின்றது. வீடுகளில் வழக்கம் தொடர்ந்தது.

வீட்டுக்குள் வரை போகக்கூடியவர் உபதேசியார் ஒருவர்தான். குரு ஓர் ஊருக்கு எப்போதாவது வருவார். கல்யாணப் பேச்சு, புருஷன் பெண்டாட்டி சண்டை, பிரிந்துபோனவர்களைச் சேர்த்துவைப்பது எல்லாம் உபதேசியார் தலையில். வீரமாமுனிவர் 1727-இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இவர்களுக்காகவே எழுந்த நூல். அதற்குச் சற்று முன் அவர் முடித்த ‘தேம்பாவணி’, 3,615 பாடல்களில், புனித சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக்கிய காப்பியம். இல்லற வரலாற்றில் இந்நூலுக்கு ஓர் இடம் உண்டு. திருமணப் படலத்துக்குப் பின் ‘ஈரறம் பொருத்து படலம்’ இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரே வீட்டில் பொருத்துகிறது. அதையடுத்து ‘ஐயந் தோற்று படலம்’, ‘ஐயம் நீங்கு படலம்’. மனைவி கருவுற்றிருப்பதைக் கண்ட கணவனின் கலக்கத்துக்கும் தெளிவுக்கும் இரண்டு படலங்கள்! நற்செய்தியில் சில வசனங்களில் முடியும் செய்தி இது. கருவுற்ற பெண்ணின் உடல் மாற்றம் கணவனின் மனத்தில் என்ன செய்யும் என்பதை இத்தனை விரிவாகப் பேசிய கிறிஸ்தவ நூல் அதற்கு முன் தமிழில் இல்லை எனலாம். இது காப்பியம்தான், ஆலோசனை நூல் அல்ல. ஆனால் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்குத் திருச்சிப் பகுதியில் எழுந்த எந்த ஆலோசனையும் கணவனை இவ்வளவு நேராகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சீர்திருத்தச் சபை திருச்சிக்கு வந்தது மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரோடு. 1762-இல் வந்தவர் 1766-இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார்; 1778-இல் தஞ்சைக்குப் போனார். ஆங்கிலச் சபையின் பொது ஜெப நூலில் பிள்ளை பெற்ற தாய் கோயிலுக்கு வந்து நன்றி செலுத்த ஒரு தனி ஆராதனை உண்டு. கத்தோலிக்கரிடமும் அதற்கு இணையான மந்திரிப்பு இருந்தது. தமிழ்நாட்டின் நாற்பது நாள் தீட்டுக் கணக்கும், மரியாள் நாற்பதாம் நாள் எருசலேம் ஆலயத்துக்குப் போன கதையும், பிப்ரவரி 2-ஆம் நாள் திருவிழாவும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. கோயில் அதை நன்றி என்றது. வீட்டுப் பாட்டி தீட்டுக் கழித்தல் என்றாள். இருவரும் ஒரே நாளைத்தான் குறித்தார்கள் என்பதால் சச்சரவு எழவில்லை.

பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றி அக்காலத்தில் கணவனுக்கு யாரும் சொல்லாததற்கு எளிய காரணம் உண்டு: அவன் அங்கே இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து போனவள் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பாள். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், எண்ணெய்க் குளியல், இரவில் விழித்துக் குழந்தையைப் பார்ப்பது எல்லாம் தாயும் பாட்டியும் மருத்துவச்சியும் ஏற்ற வேலை. அழுகையும் எரிச்சலும் அந்தச் சுவர்களுக்குள் கரைந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் பேச்சு உடலை விட்டுச் சட்டத்துக்குத் தாவியது. 1837-இல் சேசுசபையினர் மதுரை மிஷனைப் புதிதாக ஏற்றார்கள். குழந்தை மணத்தின் பின்விளைவான இளம் விதவைகளுக்காகத் திருச்சியிலேயே புனித அன்னம்மாள் சபை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. பூப்புக்கு முன் தாலி ஏறி, வாழ்வதற்கு முன் அறுத்த பெண்கள், வீடு வீடாகச் சென்று நோயாளியையும் பிள்ளை பெற்றவளையும் பார்க்கும் கன்னியர் ஆனார்கள். 1866-இல் மதம் மாறியவரின் திருமண முறிவுச் சட்டம் வந்தது. 1872-இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இந்நாட்டுக் கிறிஸ்தவ ஆணுக்கு 16, பெண்ணுக்கு 13 வயது கடந்திருக்க வேண்டும் என்றது. 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியில் படித்த பிராமண இளைஞர் சிலர் 1890-களில் கிறிஸ்தவர் ஆனபோது, சிறுவயதிலேயே மணமாகியிருந்தவர்களின் நிலை என்ன என்ற கேள்வி உயிரோடு எழுந்தது. அவர்களுக்காக அமைந்த குடியிருப்பின் பெயர் மேரிஸ் தோப்பு.

மருத்துவ அறிவு இந்த ஆலோசனைக்குள் வரத் தாமதமானதற்குத் திருச்சபையின் சட்டமே ஒரு காரணம். துறவுப் பெண்கள் மகப்பேறு மருத்துவம் பார்க்கலாம் என்ற பொது அனுமதி 1936 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதற்கு முன் 1920-இல் குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி சிறப்பு அனுமதியோடுதான் கன்னியராகவும் மருத்துவராகவும் இருக்க முடிந்தது. உலக மருத்துவமும் அப்போதுதான் கண் திறந்தது. ஹார்மோன் என்ற சொல்லே 1905-இல் பிறந்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களின் பதற்றத்தையும் எரிச்சலையும் ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நோய்க்குறியாக விவரித்தது 1931-இல். திருச்சியில் 1923-இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரி, இவற்றைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பெண்களை உருவாக்கியது.

குடும்பக் கட்டுப்பாட்டில் சபைகள் பிரிந்தன. 1930-இல் லம்பத் மாநாட்டில் ஆங்கிலச் சபை ஆயர்கள் கருத்தடைக்கு வரம்போடு இடம் கொடுத்தார்கள். அவ்வாண்டின் கடைசி நாளில் பதினோராம் பயஸ் ‘காஸ்தி கொனூபீ’ மடலில் அதை மறுத்தார். 1951-இல் பன்னிரண்டாம் பயஸ், தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களைக் கணக்கிடலாம் என்று இத்தாலிய மருத்துவச்சிகளிடம் சொன்னார். மறு ஆண்டே இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 1968-இல் ஆறாம் பவுலின் ‘ஹுமானே வீத்தே’ கத்தோலிக்கருக்கு மாத்திரை கூடாது என்று உறுதிப்படுத்தியது. ஒரே தெருவில், ஆங்கிலச் சபை வழிவந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துக்கு மருத்துவமனைச் சீட்டு, கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நாள்காட்டி என்று ஆனது.

அந்த நாள்காட்டிதான் வேலையைச் செய்தது. மெல்போர்னில் 1950-களில் ஜான் பில்லிங்ஸ் தொடங்கி, பின்னர் அவர் மனைவி எவ்லினும் சேர்ந்து உருவாக்கிய முறையில் பெண் தன் உடலில் சுரக்கும் சளியின் தன்மையை நாள்தோறும் கவனித்துக் குறிக்க வேண்டும். இரத்தப்போக்குக்குச் சிவப்பு, உலர்ந்த நாளுக்குப் பச்சை, கருத்தரிக்கும் நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை என்று வில்லைகள் ஒட்டலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் இம்முறையைச் சோதித்த ஐந்து நகரங்களில் பெங்களூரும் ஒன்று. கருத்தடை முறையாக இதன் குறைகள் பல; கடைப்பிடிப்பில் தவறினால் கரு நிற்கும். ஆனாலும் கணவனும் பார்த்தாக வேண்டிய அட்டை அது. எந்த நாளில் மனைவிக்கு எரிச்சல் கூடுகிறது, எப்போது உடல் சோர்கிறது என்பதும் அதே அட்டையில் தெரிந்துவிடும். பால்கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நிற்கும் தறுவாயிலும் சுழற்சி தாறுமாறாவது ஏன் என்பதையும் சொல்லித்தர வேண்டியிருந்தது. 1704-இல் உத்தரவு நீக்கப் பார்த்த விதி இருநூற்றைம்பது ஆண்டு கழித்து அறிவாகத் திரும்பி வந்தது இப்படித்தான்.

கேட்க ஆட்கள் இருந்ததற்குத் திருச்சி நகரமே காரணம். 1920-களின் கடைசியில் பொன்மலை ரயில்வே பணிமனை, 1960-களில் பெல் தொழிற்சாலை என்று குவார்ட்டர்ஸ்கள் எழுந்தன. அங்கே மாமியார் இல்லை, பாட்டி இல்லை, பிரசவம் ஆஸ்பத்திரியில். கைக்குழந்தையோடு அழும் மனைவியை ஷிப்ட் முடிந்து வரும் கணவன்தான் பார்த்தான்.

1983-இன் திருச்சபைச் சட்டம் திருமண முன்தயாரிப்பைப் பங்கின் கடமையாக்கியது. தமிழக மறைமாவட்டங்களில் இன்று மணமக்கள் பயிற்சி முடித்த சான்றிதழோடு வந்தால்தான் ஞாயிறு பூசையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிறார்கள். சில நாள் பயிற்சியில் குரு ஒரு வகுப்பு, வழக்கறிஞர் ஒரு வகுப்பு, மருத்துவர் ஒரு வகுப்பு, இல்லறத்தில் பல ஆண்டு கண்ட தம்பதியர் ஒரு வகுப்பு. மருத்துவர் வகுப்பில் ஹார்மோன், மாதவிலக்குக்கு முந்தைய மனநிலை, பேறுகாலச் சோர்வு எல்லாம் ஆண் பெண் இருவரும் உட்கார்ந்திருக்க விளக்கப்படுகின்றன. சி.எஸ்.ஐ., திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆகியவற்றில் ஆயர்கள் திருமணத்துக்கு முன் மணமக்களை அழைத்துப் பேசுகிறார்கள். கணவர்கள் மனைவியரோடு விவேகத்தோடு வாழ வேண்டும் என்ற பேதுருவின் நிருபப் பகுதி அங்கே தவறாமல் எடுக்கப்படும். மணமானவர்களுக்கென ஸ்பெயினில் 1962-இல் கபிரியேல் கால்வோ என்ற குரு தொடங்கிய தம்பதியர் சந்திப்பு இயக்கமும் இந்திய நகரங்களுக்கு வந்தது. அதில் கணவனும் மனைவியும் தம் உணர்வுகளை ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதிக்கொள்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பழகாத குடும்பங்களுக்கு இது நன்றாகவே பொருந்தியது.

தூர்னோன் தடுத்த பூப்பு நீராட்டு இன்றும் திருச்சிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நடக்கிறது. காலையில் கோயிலில் பூசை அல்லது வீட்டில் ஜெபம், மாலையில் மண்டபத்தில் தாய்மாமன் சீர். மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றிய பேச்சுதான் இன்னும் மெலிந்திருக்கிறது. திருமணப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வயது இருபத்தைந்து, முப்பது. அவர்களுக்கு அந்த வகுப்பு தேவைப்படும்போது இருபது ஆண்டு கடந்திருக்கும். அந்த வயதில் அவர்களைச் சந்திப்பவை சி.எஸ்.ஐ.யின் பெண்கள் ஐக்கியமும் கத்தோலிக்கரின் மரியாயின் சேனையும். இரண்டாவதில் ஆண்களும் சேர்கிறார்கள் என்றாலும், இந்தப் பேச்சு வரும் கூட்டங்களுக்குக் கணவர்கள் வருவதில்லை.