குத்துச்சண்டையில் தொடங்கிய ஒரு நோயின் வரலாறு

தலையில் திரும்பத் திரும்ப அடிபடும் விளையாட்டு வீரர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து ஏற்படும் மூளைச்சிதைவு நோயை முதலில் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர். குத்துச்சண்டை அரங்கைச் சுற்றியிருந்தவர்களே. தள்ளாடி நடந்து, நாக்குழறிப் பேசிய பழைய வீரர்களைக் "குத்துப் போதை ஏறியவர்கள்" என்ற பொருளில் அவர்கள் கேலியாக அழைத்தனர். அந்தக் கேலிச் சொல்லையே தலைப்பாக்கி, 1928-இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

1973-இல் இங்கிலாந்தில் கோர்செல்லிசு குழுவினர் மறைந்த 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றில் பொதுவாகக் காணப்பட்ட சேதங்களை விவரித்தனர். எனினும் இது குத்துச்சண்டைக்கே உரிய நோய் என்ற எண்ணம் நீடித்தது.

அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் தம் 50-ஆம் வயதில் இறந்தார். புகழ்பெற்ற பிட்ஸ்பர்க் ஸ்டீலர்சு அணியில் ஆடிய அவர், கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, வறுமையில் வாடினார். அவரது மூளை வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருந்தது. நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, டௌ என்னும் புரதம் படிந்திருப்பதைக் கண்டார். 2005-இல் அவர் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவினர் கோரினர். அக்கூட்டமைப்பின் உயர் அலுவலர் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இத்தொடர்பை ஒப்புக்கொண்டது 2016-இல்தான்.

தலையால் பந்தை முட்டுவதில் பெயர்பெற்ற இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டிலும் 2002-இல், 59 வயதில் இறந்தார். அவரது மரணத்துக்குத் தொழில்வழி நோயே காரணம் என்று விசாரணை அலுவலர் முடிவு செய்தார்.

தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுதும் தடுக்காது. மயக்கம் தராத சிறு அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கேடு விளைவிக்கின்றன. ஆகவே அடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இல், 10 வயதும் அதற்குக் குறைவுமான சிறுவர்கள் தலையால் பந்தை முட்டுவதற்குத் தடை விதித்தது. ஸ்காட்லாந்து 2020-இல், 12 வயதுக்குட்பட்டோரின் பயிற்சியில் இதைத் தடை செய்தது.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேசியக் கூட்டமைப்பில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-இல் இந்நோயைக் கண்டனர். அறிகுறி தெரிந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடையளித்ததால், எல்லா வீரர்களுக்கும் இவ்விகிதம் பொருந்தாது. நோயை உறுதியாகக் கண்டறிய இன்றும் இறப்புக்குப் பின் மூளையை ஆராய வேண்டியுள்ளது. ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வீரருக்குத் தம் மூளையின் நிலையை உறுதியாக அறிய வழியில்லை.