ஃபேஸ்புக் பங்கு வெளியீட்டு வழக்கு

ஃபேஸ்புக் நிறுவனம் 2012 மே மாதம் தன் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்றபோது முக்கியமான வருவாய்த் தகவலை மறைத்தது என்று குற்றம்சாட்டி, பங்கு வாங்கியவர்கள் அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு இது. நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் முன் நடந்த இந்த வழக்கு, 2018இல் 3.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

வெளியீட்டின் அளவு அதுவரை எந்தத் தொழில்நுட்ப நிறுவனமும் காணாதது. பங்கு ஒன்று 38 டாலர் என 42.1 கோடிப் பங்குகள் விற்கப்பட்டு 1,600 கோடி டாலர் திரண்டது. நிறுவனத்தின் மதிப்பு 10,400 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. விற்றவற்றில் நிறுவனம் புதிதாக வெளியிட்டவை 18 கோடிப் பங்குகள்தான். மீதி, முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் கைமாற்றியவை.

வழக்கின் வேர், பயனர்கள் கணினியை விட்டுக் கைப்பேசிக்கு மாறியதில் இருக்கிறது. கைப்பேசித் திரையில் ஃபேஸ்புக்குக்கு அப்போது விளம்பர வருவாய் ஏறக்குறைய இல்லை. மே 9 அன்று பங்கு ஆணையத்திடம் தாக்கல் செய்த திருத்தத்தில், விளம்பரங்களைவிடப் பயனர் எண்ணிக்கை வேகமாக வளர்கிறது என்றும் இந்தப் போக்கு வருவாயைப் பாதிக்கக்கூடும் என்றும் நிறுவனம் எழுதியது. அதே சமயம், வெளியீட்டை முன்னின்று நடத்திய வங்கிகளின் பகுப்பாய்வாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, வருவாய் மதிப்பீடு குறைக்கப்பட்டிருப்பதைத் தெரிவித்தது. மார்கன் ஸ்டான்லி, ஜே.பி. மார்கன், கோல்ட்மேன் சாக்ஸ் ஆகியவற்றின் பகுப்பாய்வாளர்கள் தங்கள் கணிப்புகளை இறக்கினர். அந்தச் செய்தி பெரிய முதலீட்டு நிறுவனங்கள் சிலவற்றின் காதுக்கு எட்டியது. தரகர் வழியாக நூறு, இருநூறு பங்கு வாங்கியவர்களுக்கு எட்டவில்லை. இதற்கிடையில் விலை வரம்பு 28–35 டாலரிலிருந்து 34–38 டாலராக உயர்த்தப்பட்டது. விற்பனைக்கு வந்த பங்குகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய கால் பங்கு கூட்டப்பட்டது. கணிப்பு இறங்கும்போது விலை ஏறியதுதான் இந்த விவகாரத்தில் மிகவும் உறுத்துவது.

மே 18 அன்று நாஸ்டாக் சந்தையில் கணினிக் கோளாறால் வர்த்தகம் தாமதமாகத் தொடங்கி, விலை 38.23 டாலரில் முடிந்தது. அடுத்த இரண்டு வர்த்தக நாள்களில் 31 டாலருக்கு வந்தது. மே 23 முதல் வழக்குகள் குவிந்தன. பின்னர் அவை ஒன்றாக இணைக்கப்பட்டன. வட கரோலினா மாநிலக் கருவூலமும் ஆர்கன்சாஸ் ஆசிரியர் ஓய்வூதிய நிதியும் முதன்மை வாதிகளில் அடங்கும். பெருநட்டம் அடைந்த நிறுவன முதலீட்டாளர்களே வழக்கை நடத்தட்டும் என்ற நோக்கில் 1995இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவு அது.

வாதிகள் நம்பியது 1933ஆம் ஆண்டுப் பங்குப் பத்திரச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. பதிவு அறிக்கையில் முக்கியமான பொய்யோ விடுபடலோ இருந்தால், ஏமாற்றும் எண்ணம் இருந்ததென நிரூபிக்காமலே நிறுவனத்தைப் பொறுப்பாக்கலாம். வங்கிகளும் இயக்குநர்களும் மட்டும் தக்க விசாரணை செய்தோம் என்று காட்டித் தப்பலாம். ஏற்கெனவே சந்தையில் புழங்கும் பங்குகள் பற்றிய 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மோசடி வழக்கு தொடுப்பவருக்கு, ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டாம் என்ற சலுகை கிடையாது. ஆனால் 11ஆம் பிரிவின்கீழும், விலை வேறு காரணத்தால் இறங்கியது எனப் பிரதிவாதிகள் நிரூபித்தால் இழப்பீடு குறையும்.

எச்சரிக்கை அறிக்கையில் இருக்கிறது, பிறகென்ன குறை என்பது ஃபேஸ்புக்கின் வாதம். 2013 டிசம்பரில் நீதிபதி ஸ்வீட் அதை ஏற்கவில்லை. பாதிப்பு ஏற்கெனவே நேர்ந்துவிட்ட பிறகு, நேரலாம் என்று மட்டும் சொல்வது தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்ற வாதிகளின் குற்றச்சாட்டு விசாரணைக்கு உரியது என்றார். 2015 டிசம்பரில் சிறு முதலீட்டாளர், நிறுவன முதலீட்டாளர் என இரு உட்பிரிவுகளுடன் கூட்டு வழக்காக அங்கீகரித்தார்.

பக்க விவகாரங்களும் இருந்தன. பகுப்பாய்வாளர்கள்மீது செல்வாக்குச் செலுத்தியதாக மார்கன் ஸ்டான்லி மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு 50 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கோளாறுக்காக நாஸ்டாக் பங்கு ஆணையத்துக்கு ஒரு கோடி டாலர் கட்டியது.

2012 செப்டம்பரில் 18 டாலருக்கும் கீழே போன பங்கு, 2013 ஆகஸ்டில் வெளியீட்டு விலையைத் தாண்டிவிட்டது. பொறுத்திருந்தவர்கள் லாபம் பார்த்தார்கள். பயந்து விற்றவர்களின் நட்டம் நட்டமாகவே நின்றது. 2018 தொடக்கத்தில், விசாரணை நெருங்கிய வேளையில் சமரசம் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. திரட்டிய தொகையோடு ஒப்பிட்டால் 3.5 கோடி டாலர் நானூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஃபேஸ்புக் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டார்களா என்ற கேள்வி ஜூரியின் முன் வரவே இல்லை.