தனிநடிப்பு: ஈழத்து மேடை நகைச்சுவை

ஒரே கலைஞர் மேடையேறி, பேச்சாலும் பாவனையாலும் அவையைச் சிரிக்க வைப்பதை இலங்கைத் தமிழர் தனிநடிப்பு என்பர். ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு நெருங்கிய உள்ளூர் வடிவம் இதுவே.

கூத்தின் கோமாளியும் இசைநாடகத்தின் பபூனும் கதைக்கு நடுவே ஊர்ப் பேச்சில் பகிடி விட்டவர்கள். தனிநடிப்பின் வேர் அங்கேதான். அந்தப் பேச்சு மொழியைப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் 'நானாடகம்' நூலில் அச்சேற்றினார். அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது வானொலி. இரண்டாம் உலகப் போரில் நேசப் படையினரை மகிழ்விக்க எழுந்த ரேடியோ சீயாக் நிலையத்தின் கருவிகள், போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. எஸ். ராம்தாஸின் 'கோமாளிகள் கும்மாளம்' நகைச்சுவை நாடகம் அங்கே ஒலித்து, 1976இல் 'கோமாளிகள்' திரைப்படமாயிற்று.

தனிநடிப்பின் உச்சம் கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனின் (1944–2014) 'அண்ணை றைற்'. பேருந்து புறப்படலாம் என்று நடத்துநர் சாரதிக்குக் கொடுக்கும் குரலே அதன் பெயர். மேடையில் பேருந்தும் இல்லை, பயணிகளும் இல்லை. நடத்துநரின் பேச்சைக் கேட்டே நெரிசலையும் சில்லறைத் தகராறையும் அவையோர் கண்டார்கள். துணுக்குகளை அடுக்கிச் சிரிப்பு வாங்குவதை விட இது கடினமான கலை. ஒரு சமூகத்தின் அன்றாடத்தை ஒற்றைக் குரலில் கட்டி எழுப்புகிறது. 'தணியாத தாகம்' வானொலி நாடகத்திலும் 'வாடைக்காற்று' (1978) படத்திலும் நடித்த அவர், பின்னர் கனடாவில் குடியேறி அங்கும் மேடையைத் தொடர்ந்தார்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையே முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அதற்கு நான்கு நிலைக்களன்களும் வகுத்தது. இருந்தும் நகைச்சுவைக் கலைஞருக்குக் கிடைத்தது கைதட்டல்தான். ஆய்வு மதிப்பு அரிதாகவே வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடையேற்றியபின் அதற்குப் பெருமதிப்பு வந்தது. தனிநடிப்புக்கு அப்படியொரு புரவலர் வாய்க்கவில்லை. அமெரிக்காவிலும் இத்தகைய மதிப்பு தாமதமாகவே வந்தது: கென்னடி நிலையம் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருதை ஏற்படுத்தி, ஸ்டாண்ட்-அப் கலைஞர் ரிச்சர்ட் பிரையருக்கு முதலில் வழங்கியது 1998இல்தான்.

தனிநடிப்பின் உயிர் குரலில் இருப்பதால், எழுத்துப் பிரதி மட்டும் போதாது. பழைய ஒலிநாடாக்களை வைத்திருப்போர், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் போன்ற காப்பகங்களிடம் அவற்றைச் சேர்ப்பிக்க வேண்டும்.