பேர் திருச்சிக்கு, இலை திண்டுக்கல்லுக்கு

ஆங்கிலத்துல 'செரூட்'னு ஒரு சொல் இருக்கு. நம்ம 'சுருட்டு'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆயிருச்சு. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்ல, கொலை நடந்த இடத்துல கிடந்த சாம்பலைப் பார்த்தே ஹோம்ஸ் அது திருச்சி சுருட்டுன்னு கண்டுபிடிச்சிடுவார். சீமையில அந்தப் பேருக்கு அவ்வளவு மவுசு இருந்த காலம்.

ஆனா பேருக்குள்ள இருக்கிற கதை வேற. சுருட்டினது உறையூர்க்காரங்க கை. இலை போனதோ பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்துக் கிணத்துப் பாசனக் காடுகள்ல இருந்து. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல்னு ரெண்டு ரகம் அந்தப் பக்கம் பேர் போனது. ஒண்ணு கூர்ப்பான இலை, இன்னொண்ணு அகன்ற இலை. பின்னாடி ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லுலயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்துச்சு.

வீட்டுல தனக்குன்னு சுருட்டிக்கிறவருக்கு ஒரே காட்டு இலை போதும். விலைக்குப் போற சுருட்டுக்கு அப்படி இல்லை. அதுல மூணு வேலை இருக்கு. உள்ளே வைக்கிற இலை காரத்தையும் ருசியையும் தரணும். அதைக் கட்டிப் பிடிக்கிற இலை கிழியாம இருக்கணும். மேலே சுத்துற இலை மெல்லிசா, நரம்பு தடிக்காம, இழுத்தா நீண்டு கொடுக்கணும். மூணுமே சீரா எரியணும். ஒரு இலை கிடைக்கலைன்னா மாத்து இலை தேடுறவர், ரகத்தோட பேரைப் பார்த்து வாங்கினா ஏமாந்துடுவார். அது எந்த வேலை செஞ்சுதோ அந்த வேலையைச் செய்யற இலையைத்தான் தேடணும்.

உள் இலைக்கு மாத்து கண்டுபிடிக்கிறது கொஞ்சம் சுலபம். ஒரே செடியில அடி இலை மெல்லிசு, காரம் கம்மி, நல்லா எரியும். மேல போகப் போகத் தடிப்பும் காரமும் ஏறும். கோதாவரி ஆத்துத் திட்டுகள்ல விளையற லங்கா புகையிலையும் சுருட்டு இலைதான், காரமான இலை. காரமானதை எடுத்துட்டு அந்த இடத்துல சாதுவானதை வெச்சா அளவைக் கூட்டணும். சாதுவானதுக்குப் பதில் காரமானதை வெச்சா, அடி இலையைக் கலந்து தணிக்கணும்.

எரியறதுல கிணத்துத் தண்ணிக்கும் பங்கு உண்டு. உப்புத் தண்ணி பாஞ்ச காட்டு இலையில குளோரைடு ஏறிடும். பார்க்க நல்லா இருக்கும், பத்த வெச்சா அணைஞ்சு அணைஞ்சு போகும். அந்த இலை வாயில போட்டு மெல்ல ஆகும், சுருட்டுக்கு ஆகாது.

மேல் இலையிலதான் நம்ம காடு தோத்துச்சு. நம்ம விவசாயி கொழுந்தைக் கிள்ளி, பக்கக் கிளையை ஒடிச்சு, வெயில்ல தடிப்பா இலையை வளர்த்தார். உள்ளே வைக்க அதுதான் சரி. மேலே சுத்த அது ஆகாது. அதனால நல்ல சுருட்டுக்கு மேல் இலை ஜாவா, சுமத்ராவுல இருந்து வந்துச்சு. சுமத்ராவுல டெலி பக்கம் 1863-லயே டச்சுக்காரங்க புகையிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சிருந்தாங்க. சுருட்டுல எடை குறைவு மேல் இலைதான், ஆனா கண்ணுல படுறது அது, விலை கூடினதும் அது. எடை நம்மளோடது, பளபளப்பு அவங்களோடது.

1942 மார்ச்சுல ஜாவா ஜப்பான்காரங்க கைக்குப் போச்சு. கடல் தாண்டி வர்ற சரக்கை நம்பின தொழில் எதுக்கும் அப்படி ஒரு நாள் வரும். சுதந்திரத்துக்கு அப்புறம் சுருட்டுப் புகையிலைக்குன்னு 1948-ல் வேடசந்தூர்ல ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. மேல் இலைக்கு வேற மண் வேணும்னு, வங்காளத்துல கூச்பிகார் பக்கம் தின்ஹட்டாவுல 1952-ல் இன்னொண்ணு வந்துச்சு. அங்கே விளையற 'ஜாதி'ங்கிற இலை மேல் சுத்துக்குப் பேர் போனது. கடல் கடந்து தேடினதுக்கு மாத்து நாட்டுக்குள்ளயே இருந்திருக்கு.

புகையிலை உடம்புக்குக் கேடு, அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஈரத்தோட பச்சை இலையை ஒடிக்கிற ஆளுக்கே தலை சுத்தி வாந்தி வரும். உறையூர்லயும் இப்போ சுருட்டுற கைகள் குறைஞ்சு போச்சு. இந்தத் தொழில் திரும்பி வரணும்னு நான் எழுதலை. மஞ்சளோ மிளகாயோ, இன்னைக்கும் நம்ம சரக்கு யாரோ ஒருத்தரோட கலவைக்குள்ள, வேற ஊர்ப் பேர்ல போகுது. நம்ம விளைச்சல் அந்தக் கலவையில எந்த வேலை செய்யுது, நாளைக்கு அதுக்கு மாத்தா எது வர முடியும்னு தெரிஞ்சவர்தான் விலை பேச முடியும். தெரியாதவர் எடைக்குத்தான் விப்பார்.